முதலில் போய் நிற்பவர்: மரண வழக்குப் புலனாய்வும் அதற்கான பயிற்சியும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டில் தற்கொலை என்று பதிவான மரணங்கள் 1,70,924. ஏறத்தாழ ஆறு மடங்கு. ஒரு மரணம் இந்தக் கணக்கில் சேருமா, அந்தக் கணக்கில் சேருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறவர், தகவல் வந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போகிற உதவி ஆய்வாளர். சில ஊர்களில் அவருக்கும் முன்னால் போய் நிற்கிற ஏட்டு. நீதிபதியும் தடயவியல் நிபுணரும் பிறகுதான் வருகிறார்கள். பல மரணங்களில் அவர்கள் வருவதே இல்லை. முதலில் போய் நிற்கும் அந்த மனிதருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சட்டம் அவரிடம் கேட்பது கொஞ்சமல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவாகியிருக்கிறது. தற்கொலை, விபத்து, விலங்கு தாக்கி நேர்ந்த சாவு, சந்தேகத்துக்கிடமான சாவு ஆகியவற்றில் காவல் அதிகாரி நிர்வாக நடுவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு இடத்துக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இருவரையாவது பஞ்சாயத்தாராக வைத்துக்கொண்டு, உடலிலுள்ள காயம், எலும்பு முறிவு, கன்றிப்போன இடம் எல்லாவற்றையும் குறித்து, எந்த ஆயுதத்தால் எப்படி நேர்ந்ததாகத் தோன்றுகிறது என்று எழுத வேண்டும். புதிய சட்டப்படி அந்த அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. எழுத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் காயத்தைக் குறிக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், காயத்தை அடையாளம் காணும் கண்ணைக் கொடுப்பதில்லை. அது பயிற்சியின் வேலை.

இந்தப் பயிற்சியின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஹான்ஸ் கிராஸ் என்ற விசாரணை நீதிபதி, குற்றப் புலனாய்வை ஒரு துறையாகவே கற்பிக்க முடியும் என்று காட்டும் பெரிய கையேட்டை 1893-இல் வெளியிட்டார். உலகெங்கும் காவல் துறைகள் படித்த நூல் அது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள், சென்னையில் அரசு வழக்கறிஞராக இருந்த ஜான் ஆடமும் ஜே. காலியர் ஆடமும். இந்திய நடைமுறைக்கு ஏற்றபடி மாற்றி, 1906-இல் சென்னையிலேயே அச்சிட்டார்கள். சாட்சியின் நினைவு தவறக்கூடியது, பொருள் சொல்லும் சாட்சியத்தைத் தேடு என்று கிராஸ் வற்புறுத்தியது லண்டனின் துப்பறிவாளர்களுக்கு ஆங்கிலத்தில் சென்னை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பாரம்பரியத்தின் பலனை 1952-இல் சென்னை கண்டது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று இன்றும் பேசப்படும் வழக்கில், தலையில்லாத உடல் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் அகப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் கிடைத்த இரண்டையும் சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவத் துறை ஒரே மனிதருடையவை என்று நிலைநாட்டியது. மருத்துவரும் காவலரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்ததால் நடந்தது அது. பரபரப்பான வழக்கு என்பதால் உட்கார்ந்தார்கள். தினம் வரும் சாதாரணச் சாவுக்கு யார் அப்படி உட்காருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

சாதாரணச் சாவில் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தூக்கில் தொங்கும் உடல் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் தடம் சாய்வாக, குரல்வளைக்கு மேலே ஏறி, முடிச்சு இருந்த பக்கம் விட்டுப்போயிருந்தால் அது தூக்கின் வழக்கமான அடையாளம். கழுத்தைச் சுற்றி நேர்கிடையாக, முழு வட்டமாக, குரல்வளையின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால் பின்னாலிருந்து இறுக்கியிருப்பார்களோ என்று யோசிக்க வேண்டும். முடிச்சுக்கு எதிர்ப்புறக் கடைவாயில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தால், உயிரோடு தொங்கியதற்கு அது வலுவான சான்று. அந்த எச்சில் தடம் ஓர் உறவினர் முந்தானையால் முகத்தைத் துடைத்தால் போய்விடும். கயிற்றை அறுக்கும்போது முடிச்சைத் தொடாமல் தள்ளி வெட்ட வேண்டும்; வெட்டிய முனைகளை நூலால் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அவசரத்தில் முடிச்சை அவிழ்த்துவிட்டால், கட்டியவர் வலக்கைக்காரரா, எந்தத் தொழில்காரர் போடும் முடிச்சு அது என்ற கேள்விகளுக்கெல்லாம் பிறகு பதில் கிடையாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கால் தரையில் பட்டுக்கொண்டிருந்தது, ஆகவே கொலைதான் என்று ஊரே கொதிப்பதை நாம் செய்திகளில் பார்க்கிறோம். கால் தரையில் பட்ட நிலையிலும், மண்டியிட்ட நிலையிலும்கூடத் தூக்கில் உயிர் போகும். கழுத்தின் ரத்தக் குழாய்களை அடைக்க உடலின் முழு எடையும் தேவையில்லை. அதுபோலவே, தீயில் கருகிய உடல் முஷ்டியை மடக்கிச் சண்டைக்கு நிற்பதுபோல் கிடக்கும். போராடிச் செத்தார் என்று அதைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். சூட்டில் தசை சுருங்குவதால் வரும் நிலை அது; செத்த பிறகு எரித்த உடலிலும் வரும். உயிரோடு எரிந்தாரா என்பதை மூச்சுக்குழாயில் படிந்த கரி சொல்லும். பயிற்சி இல்லாத கண் கொலையைத் தற்கொலையாக விட்டுவிடவும் செய்யும், தற்கொலையைக் கொலையாக்கி ஓர் அப்பாவியைச் சிறைக்கு அனுப்பவும் செய்யும். இரண்டையும் ஒரே அளவு பயத்தோடு சொல்லிக்கொடுக்கிற பயிற்சிதான் சரியான பயிற்சி.

இறந்தபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பகுதியில் இறங்கி ஊதாத் திட்டாகப் படியும்; சுமார் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் அந்தத் திட்டு நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கிற உடலுக்கு நெஞ்சில் அந்தத் திட்டு இருந்தால் யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், சட்டையை விலக்கிப் பார்க்கத் தெரிந்தால் போதும். ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும்; ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து மரபணுச் சோதனைக்கு ஆகாமல் போகும். நஞ்சுப் பரிசோதனைக்குப் போகும் உள்ளுறுப்பு நிறைவுற்ற உப்புக் கரைசலில் இருக்க வேண்டும், ஃபார்மலினில் அல்ல. இவை எவையும் ரகசிய வித்தை அல்ல. ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் ஆண்டுதோறும் திரும்பச் செய்து பழகாவிட்டால் கையில் நிற்காது.

கையில் நிற்கும்படி கற்றுக்கொடுப்பது எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெண்மணி சொன்ன பதிலைவிட நல்ல பதில் இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம். பிரான்சஸ் கிளெஸ்னர் லீ, 1878-இல் சிகாகோவில் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்காதவர். பாஸ்டனின் மரண விசாரணை மருத்துவரான ஜார்ஜ் மக்ராத்தின் நட்பால், காவலர்களின் அறியாமையால் எத்தனை சாவுகள் தவறாக முடிக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டார். தம் சொத்திலிருந்து கொடுத்து 1931-இல் ஹார்வர்டில் சட்ட மருத்துவத் துறை உருவாக உதவினார். 1943-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காவல் துறை அவருக்குக் கேப்டன் பதவி அளித்தது.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியவை அவர் செய்த சின்னஞ்சிறு அறைகள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், சமையலறை, மரக்கொட்டகை, வாடகை விடுதி என்று சாவு நிகழ்ந்த இடங்களை மாதிரிகளாகச் செய்தார். ஜன்னல் திறக்கும், நாட்காட்டியில் சரியான மாதம் இருக்கும், காலுறையைக் குண்டூசி போன்ற ஊசிகளால் தாமே பின்னினார். உடலின் நிறமாற்றம்கூட இறந்த நேரத்துக்குப் பொருந்தியிருக்கும். பயிற்சிக்கு வந்த அதிகாரிகளுக்குக் கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொல்வார்கள். கொலையாளியைக் கண்டுபிடி என்று சொல்வதில்லை. என்ன இருக்கிறது என்று சொல், அதற்கு மேல் போகாதே என்பதே பாடம். சில அறைகளில் நடந்தது கொலை, சிலவற்றில் தற்கொலை, விபத்து, இயற்கைச் சாவு. வீட்டுப் பெண்களின் வேலை என்று ஒதுக்கப்பட்ட பொம்மை வீட்டுக் கலையைக் கொண்டு, கடுமையான ஆண் அதிகாரிகளுக்கு அவர் பொறுமையைக் கற்பித்தார். அவற்றில் 18 மாதிரிகள் இன்று மேரிலாந்து மாநிலத்தின் தலைமை மரண விசாரணை மருத்துவர் அலுவலகத்தில் இருக்கின்றன. இன்னும் பயிற்சியில் பயன்படுவதால் விடைகளை வெளியிடுவதில்லை. தூத்துக்குடி உப்பளக் குடிசை, சிவகாசிப் பட்டறை, திருப்பூரின் ஒற்றை அறை வாடகை வீடு என்று நம் ஊர் அறைகளை இப்படிச் செய்து வைத்தால், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆகும் செலவு ஒரு ஜீப்பின் விலைகூட வராது.

பிரிட்டன் கற்றுக்கொண்டது வேறு வழியில்: அவமானப்பட்டு. 1924-இல் ஈஸ்ட்போர்ன் அருகே ஒரு கடற்கரை வீட்டில் பெண்ணொருவரின் உடல் துண்டுகளை அதிகாரிகள் வெறுங்கையால் அள்ளுவதைப் பார்த்து மருத்துவர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி அதிர்ந்தார். கையுறை, இடுக்கி, உறைகள் அடங்கிய 'கொலைப் பை' அதற்குப் பிறகுதான் வந்தது. 1993-இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டார். முதல் மணி நேரங்களில் முதலுதவி இல்லை, முறையான தேடல் இல்லை, யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு இல்லை. 1999-இல் வந்த மேக்ஃபர்சன் அறிக்கை அதைத் தொழில் திறமையின்மை என்றது, நிறுவனத்துக்குள் ஊறிய இனவெறி என்றது, தலைமையின் தோல்வி என்றது. மூன்றையும் ஒன்றாகச் சொன்னதுதான் அந்த அறிக்கையின் பலம். செத்தவர் யார் என்பதைப் பொறுத்து விசாரணையின் தரம் மாறுகிற இடத்தில் தடயவியல் வகுப்பு மட்டும் எதையும் திருத்தாது. நம் ஊரில் அந்த இடத்தில் சாதியை வைத்துப் படித்துக்கொள்ளலாம். காதல் மணம் செய்துகொண்ட மகளின் சாவை வயிற்றுவலி என்று ஊரே சொல்லும்போது, பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போடும் 'மதிப்புள்ள இருவர்' யாருடைய ஆட்கள் என்று கேட்கப் பயிற்சியில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டாமா?

அதே பிரிட்டனில் மருத்துவர் ஹரால்ட் ஷிப்மன் வழக்கு இன்னும் கசப்பானது. 1998 மார்ச்சில், அவருடைய நோயாளிகள் அளவுக்கு மீறி இறக்கிறார்கள் என்று பக்கத்து மருத்துவர் ஒருவர் எச்சரித்தார். அனுபவமில்லாத அதிகாரியிடம் விசாரணை போயிற்று. ஷிப்மனுக்குப் பழைய குற்றத் தண்டனை உண்டா என்றுகூடப் பார்க்காமல் சில வாரங்களில் மூடினார்கள். உண்மையில் 1976-இல் அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். விசாரணை மூடப்பட்ட பிறகு மேலும் மூவரைக் கொன்றார். 2000-இல் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். பின்னர் நடந்த பொது விசாரணை அவரால் கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. பெரும்பாலானவை இயற்கைச் சாவு என்று சான்றிதழ் பெற்றவை.

இப்படிப்பட்ட அடிகளுக்குப் பிறகு அங்கே புலனாய்வாளருக்குப் படிநிலைத் தகுதி வந்தது. சாதாரணக் குற்றம் விசாரிப்பவர் ஒரு படி. கொலை விசாரணைக்குத் தலைமை தாங்குபவர் மேல் படி. அந்தப் படியை எட்டாதவர் கொலை வழக்கை நடத்த முடியாது. அமெரிக்காவிலும், பல மாவட்டங்களில் மருத்துவம் படிக்காதவர்கள் தேர்தலில் நின்று மரண விசாரணை அதிகாரியாகும் பழக்கம் இருக்கும்போதே, மரண விசாரணையாளருக்கென ஒரு சான்றிதழ் முறை இருக்கிறது. அடிப்படைச் சான்றிதழுக்கே 640 மணி நேரக் கள அனுபவம் கேட்கிறார்கள்.

நம்மிடம் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. கொல்கத்தா, ஹைதராபாத், சண்டிகர் எனத் தொடங்கி மத்தியத் துப்பறியும் பயிற்சி நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. தமிழ்நாட்டில் வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் காவலர் பயிற்சியகம் இருக்கிறது. காந்திநகரில் தேசியத் தடயவியல் பல்கலைக்கழகம் 2020-இல் வந்தது. குறை எங்கே என்றால், பயிற்சி பெற்றவர் அந்த வேலையில் நிலைப்பதில்லை. இன்று கொலை விசாரணை, நாளை அமைச்சர் பாதுகாப்பு, மறுநாள் திருவிழா பந்தோபஸ்து. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொன்னது. பல இடங்களில் அது தாளில்தான் நிற்கிறது. உடற்கூராய்வும் அப்படியே: தாலுகா மருத்துவமனைகளில் அதைச் செய்பவர் பெரும்பாலும் சட்ட மருத்துவம் தனியாகப் படிக்காத பணி மருத்துவர். விசாரணை அதிகாரி அங்கே போய் நின்று, இடத்தில் பார்த்ததைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் அறிக்கைக்கு உயிர் வரும். கேள்வி கேட்கத் தெரியாமல் காவலர் ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பினால், பதிலும் அதே தரத்தில்தான் வரும்.

முதல் நாள் தவறினால் என்னாகும் என்பதற்கு 2008-இல் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலையைச் சொல்லலாம். சிறுமியின் உடல் படுக்கையறையில் கிடக்க, காணாமல்போன வேலையாள்தான் கொலையாளி என்று முதல் நாளே முடிவு கட்டினார்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. அன்று அதை உடைக்கவில்லை. மறுநாள் அந்த வேலையாளின் உடல் மாடியிலேயே கிடைத்தது. அதற்குள் அந்த வீட்டில் உறவினர், பத்திரிகையாளர், அக்கம்பக்கத்தார் என்று எத்தனையோ பேர் நடந்து போயிருந்தார்கள். 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட சிறுமியின் பெற்றோரை விடுவித்தது. கொன்றது யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. ஒரு பூட்டை உடைக்கச் சொல்லும் ஒழுங்கு பயிற்சியால் வருவது. முதலில் தோன்றும் கதையை நம்பாமல், இன்னும் பார்க்காத இடம் எது என்று கேட்கும் பழக்கம் அது.

இந்தப் பழக்கத்துக்கு எதிராக வேலை செய்வது ஒப்புதல் வாக்குமூலத்தின் மீதுள்ள ஆசை. காவலரிடம் தரும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதன் வழியாகக் கண்டெடுக்கப்பட்ட பொருள் தொடர்பான பகுதி செல்லும். அதனால் நம் புலனாய்வு பல பத்தாண்டுகளாக அரிவாளை எங்கே போட்டாய் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரிடம் குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொண்டதாக எழுதும் வழக்கம் எத்தனை கொலை வழக்குகளில் வருகிறது என்பது வழக்கறிஞர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவர் ஏன் போய்க் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்டபடியே இருக்கின்றன. பிரிட்டனில் பொய் வாக்குமூலங்களால் சிறையில் வாடிய கில்ட்ஃபோர்டு நால்வர் 1989-இல் விடுதலையான பிறகு, ஒப்புதலைப் பறிப்பதற்குப் பதிலாகத் தகவலைத் திரட்டும் விசாரணை முறை தேசிய அளவில் கற்பிக்கப்பட்டது. அடிக்காமலும் மிரட்டாமலும் கேட்பது ஒரு திறமை. பேசவிட்டு, குறித்துக்கொண்டு, முரண்பாட்டைக் கடைசியில் எடுத்து வைப்பது. நாம் அதைத் திறமையாகக் கற்பிக்காதவரை, கைதான் பேசும்.

கை பேசியபோது என்ன நடந்தது என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளம் காட்டியது. தந்தையும் மகனும் காவலில் இறந்த அந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. கண்ணால் கண்டதை ஒரு பெண் தலைமைக் காவலர் சொன்னார். காவல் மரணத்தையும் பிற மரணத்தைப் போலவே விசாரிப்பது எப்படி என்று ஐக்கிய நாடுகள் அவை 2016-இல் திருத்தி வெளியிட்ட மினசோட்டா நெறிமுறை விரிவாகச் சொல்கிறது. நம் பயிற்சியகங்களில் அது பாடமாக வேண்டும். தன் நிலையத்துச் சாவை அந்நியர் வீட்டுச் சாவைப் போலப் பார்க்கக் கற்றவரே முழுமையான புலனாய்வாளர்.

புதிய சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வருவதைக் கட்டாயமாக்குகிறது. அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். நல்ல மாற்றம்தான். ஆனால் நிபுணர் வண்டி மாவட்டத் தலைநகரிலிருந்து வந்து சேரும் இரண்டு மூன்று மணி நேரமும் இடம் ஏட்டின் கையில்தான் இருக்கும். மேலும், தற்கொலை என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், நிபுணரை அழைக்கவே வேண்டியதில்லை. ஆகவே சட்டத்தின் பலன் முழுதும் அந்த முதல் மனிதரின் கண்ணைத்தான் நம்பியிருக்கிறது. அவர் படிக்கக்கூடிய சட்ட மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன; அவர் எழுதுவதோ தமிழில். கயிற்றுத் தடம், திட்டு, எச்சில் தடம் என்று படத்தோடு விளக்கும் ஒரு கைக்கடக்கமான தமிழ் நூல் ஒவ்வொரு நிலையத்து ஜீப்பிலும் இருக்க வேண்டும்.

பாடப்பொருளுக்கு எங்கும் அலைய வேண்டாம். கிஷன்பாய் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய்ந்து புலனாய்வு எங்கே தவறியது என்று பதிவு செய்ய ஒரு நிலைக்குழு வேண்டும், அந்தத் தவறுகள் இளம் அதிகாரிகளின் பயிற்சியில் சேர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், புலனாய்வின் ஓட்டைகளால் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவிக்க நேர்ந்ததை ஒட்டிச் சொன்னது அது. ஒரு வகுப்பில் அப்படிப்பட்ட தீர்ப்பு ஒன்றையும், அந்த வழக்கின் பிரேத விசாரணை அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், புகைப்படங்கள் ஆகியவற்றையும் பயிற்சி பெறுவோர் கையில் கொடுத்து, அறிக்கையைப் புதிதாக எழுதச் சொல்லலாம். எழுதி முடித்தபின், அந்த வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரையும் உடற்கூராய்வு செய்த மருத்துவரையும் அழைத்து அதைக் கேள்வி கேட்கவிடலாம். இதற்கு ஆகும் செலவு இரண்டு பேரின் பயணப்படி மட்டுமே.